ஆற்றுப்படையும் ஒலிபெருக்கியும்

வழிகாட்டிக்கென்றே தமிழில் ஓர் இலக்கிய ஜாதி இருக்கிறது. ஆற்றுப்படை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணினோமே, அதுதான். பரிசு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற பாணனோ கூத்தனோ, எதிரே பசியும் பட்டினியுமாக வருகிற இன்னொருவனை நிறுத்தி, இன்ன வழியே போ, இன்ன இடத்தில் இன்னார் இருப்பார்கள், அவர்கள் வீட்டில் இன்னது சாப்பிடக் கிடைக்கும் என்று விவரம் சொல்லி அனுப்புகிறான். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுக்கள், இந்த வகையைச் சேர்ந்தவை. பண்டிதர்கள் இவற்றில் வள்ளலின் பெருமையைத் தேடுவார்கள். எனக்கு வள்ளலிடம் அவ்வளவு சிரத்தை கிடையாது. போகிற வழிதான் எனக்கு ருசிக்கிறது.

பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் வழியைச் சொல்வது. ஆகையால் எங்கள் ஜில்லாக்காரர்கள் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். ஐந்நூறு அடிகள். அதில் பாலை நிலத்தைக் கடக்கும் கட்டம் ஒன்று வருகிறது. அங்கே எயிற்றியர் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பைக் குத்திக் கிளறி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை எடுக்கிறார்கள். நிலத்தில் குழித்த உரலில் குற்றுகிறார்கள். உவர்த் தண்ணீரை உலையில் ஏற்றிச் சமைக்கிறார்கள். வழிப்போக்கனுக்கும் அதில் பங்கு உண்டு. வறண்ட நிலத்தைக் காட்டுவதற்கு இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரியவில்லை. வெயில் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று கவி அளந்துகொண்டிருக்கவில்லை. எறும்புப் புற்றிலிருந்து சோறு எடுக்க வேண்டிய நிலைமை என்று சொன்னால் போதாதா?

மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. செங்கம் பக்கத்து நன்னனிடம் கூத்தரை அனுப்பும் பாட்டு. எங்களூருக்கு வடக்கே திருமுக்கூடலில் பாலாற்றோடு சேருகிற செய்யாறு, அதில் சேயாறு என்ற பெயரோடு ஓடுகிறது. அந்தக் கவி அபாயங்களை ஒளிக்கிறதில்லை. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்பு கிடக்கும், பாறை வழுக்கும், தினைப்புனம் காக்கிறவன் விடுகிற கவண்கல் மேலே பட்டாலும் படும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எங்கே எதைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறான். தானே நடந்து, தானே வழுக்கியவன் சொல்கிற பேச்சு அது.

சென்ற தை மாதம் நான் போய்வந்த ஒருநாள் சுற்றுலாவை இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இவ்வளவு பீடிகை. 'இந்தியாவின் கிராண்ட் கான்யன்! பாலைவனப் பள்ளத்தாக்கு! வழிகாட்டியுடன் ஒரே நாளில்!' என்று விளம்பரம் சொல்லிற்று. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போய், இரவு ஒன்பது மணிக்கு பஸ் ஏறினோம். திருப்பதி, கடப்பை எல்லாம் தூக்கத்திலேயே கடந்து, விடிகிற வேளைக்கு ஜம்மலமடுகு. அங்கிருந்து பத்து மைல் சொச்சத்தில் கண்டிக்கோட்டை.

இடம் மகா அழகு. அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. பென்னாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் சிவந்த பாறை செங்குத்தாக நிற்கிறது. பாறை ஒரே பிழம்பாக இல்லை. அடுக்கடுக்காக, சதுரம் சதுரமாக வெடித்து, யாரோ ராட்சதக் கொத்தன் சாந்து பூசாமல் கல்லை அடுக்கிவிட்டு, மீதி வேலையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனாற்போல் இருக்கிறது. சூரியன் ஏற ஏற, எதிர்க்கரையில் நிழல் ஒவ்வோர் அடுக்காகக் கீழே இறங்கிற்று. பஸ்ஸில் வந்த நாற்பது பேரும் கொஞ்ச நேரம் வாயடைத்து நின்றோம்.

அந்தக் கொஞ்ச நேரம் ஒலிபெருக்கிக்குப் பொறுக்கவில்லை. "இதுதான் சார் இந்தியாவின் கிராண்ட் கான்யன்! அமெரிக்கா போக வேண்டிய செலவு உங்களுக்கு மிச்சம்!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை. பார்க்காத அமெரிக்காவோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

உவமைக்கு எடுக்கும் பொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று தொல்காப்பிய உவமவியல் விதி செய்கிறது. விதிப்படி பார்த்தால் வழிகாட்டிப் பிள்ளை பிழை செய்யவில்லை. கொலராடோ ஆறு வெட்டிய அந்தப் பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளம், மிக ஆழமான இடத்தில் ஒரு மைல். கண்டிக்கோட்டையில் ஆழம் சுமார் 300 அடி. உயர்ந்ததோடுதான் ஒப்பிட்டிருக்கிறான். ஆனால் உவமை எதற்காக? முகத்தைத் தாமரை என்று சொன்னால் முகம் இன்னும் துலக்கமாகத் தெரிய வேண்டும். இங்கே தாமரையைக் காட்டி முகத்தை மறைத்துவிட்டான். ஒரு மைல் என்று மனத்தில் நினைத்துக்கொண்டு 300 அடியைப் பார்க்கிறவனுக்கு ஏமாற்றந்தானே மிஞ்சும்? என் பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற பாங்க் உத்தியோகஸ்தர், "இவ்வளவுதானா?" என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஊருக்குச் சொந்தப் பெயரே போதும். தெலுங்கில் 'கண்டி' என்றால் இடைவெளி, மலைப் பிளவு. ஏரிக்கரை உடைத்துக்கொண்டாலும் அவர்கள் கண்டி விழுந்தது என்றுதான் சொல்வார்கள். ஏரியை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரனான எனக்கு இந்த ஒரு வார்த்தையில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்துவிடுகிறது. கரை உடைகிறபோது மண் எப்படி அறுபடும் என்பதை எங்கள் பக்கத்தில் குழந்தைகூட அறியும். கல்லே அப்படி அறுபட எத்தனை காலம் ஆகியிருக்கும்!

'பாலைவனம்' என்ற சொல்லையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அது பாலைவனம் அல்ல. மழை குறைந்த ராயலசீமைச் சீமை. முள்ளும் புதருமாக இருக்கிறது, நடுவே கடலையும் பருத்தியும் விளைகின்றன. ஆனால் பாலை என்ற நம் பழைய சொல் அதற்கு நன்றாகப் பொருந்தும். முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாமல் தம் இயல்பு கெட்டு நிற்கும் நிலையே பாலை என்கிறார் இளங்கோ, காடுகாண் காதையில். பாலை ஓர் இடமல்ல, ஓர் அவஸ்தை. மழை பெய்தால் நீங்கும். தவறினால் திரும்ப வரும். விளம்பரக்காரர் கையிலே வைரத்தை வைத்துக்கொண்டு கண்ணாடிக் கல்லை விற்கிறார்.

பாறையைக் கருங்கல் என்று சொன்னான். அது கருங்கல் இல்லை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நீருக்கடியில் படிந்த மணல், இறுகி இறுகிக் குவார்ட்சைட் ஆனது. பூகர்ப்ப சாஸ்திரிகள் அதற்குக் கண்டிக்கோட்டை குவார்ட்சைட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மணல் படிந்ததனால்தான் அடுக்கு. அடுக்கு இருப்பதனால்தான் அந்தச் செங்கல் கட்டட அழகு. இந்த விஷயத்தைச் சொல்லியிருந்தால் கூட்டம் வாய் பிளந்து கேட்டிருக்கும். அதற்குப் பதில் சுரங்கப் பாதைக் கதையும் புதையல் கதையும் கேட்டோம். எந்தக் கோட்டைக்குப் போனாலும் இந்த இரண்டு கதையும் நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கின்றன.

கோட்டைக்குச் சொந்தக் கதை இல்லாமலா போயிற்று? விஜயநகரத்துக்கு அடங்கிய பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட இடம். மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜும்மா மசூதி, தானியக் களஞ்சியம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. 1652ல் தாவெர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி இங்கே வந்தார். அப்போது கோட்டை கோல்கொண்டாவின் மீர் ஜும்லா கையில். தாவெர்னியே பார்த்ததை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்: மீர் ஜும்லா வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார், கால்விரல் இடுக்குகளிலும் இடது கைவிரல் இடுக்குகளிலும் கடிதங்கள் செருகியிருக்கின்றன, ஒவ்வொன்றாக உருவிப் பதில் எழுதச் சொல்கிறார். முந்நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கால்விரல்கள் என் கண்ணை விட்டு அகலவில்லை. நாவலாசிரியன் என்று சொல்லிக்கொள்கிற எனக்கு இப்படி ஒரு விவரம் வாய்த்தால் ஒரு அத்தியாயத்தையே அதன் மேல் கட்டிவிடுவேன்.

மத்தியானம் பேலம் குகைகளுக்குக் கூட்டிப் போனார்கள். 3,229 மீட்டர் நீளமாம். உள்ளே புழுக்கமும் வண்ண விளக்கும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

அந்தப் பிள்ளை மீது எனக்குக் கோபம் இல்லை. நம் பக்கத்துப் பையன், நல்ல குரல், இருபத்தைந்து வயது இருக்கும். யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான். இந்தப் பேச்சை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் எழுத்துத்தான் என்று நான் சந்தேகிக்கிறேன். ஏ. கே. செட்டியார் 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய காலத்தில் பிரயாணக் கட்டுரை என்றால் மனிதர்களைப் பார்த்து எழுதுவது. அதற்கும் நூறு வருஷம் முந்தி, 1830ல், சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்ட ஏனுகுல வீராசாமி கடப்பை வழியாகத்தான் போனார். தெலுங்கில் அவர் எழுதிய காசியாத்திரை சரித்திரத்தில், எந்த ஊரில் தண்ணீர் நன்றாயிருக்கும், எங்கே சாமான் கிடைக்கும், எங்கே தங்கலாம் என்று பின்னால் வருகிறவனுக்காகக் குறித்துக்கொண்டே போகிறார். பெயரில்லாவிட்டாலும் அதுவும் ஆற்றுப்படைதான். இப்போது நாம் எழுதுவதில் 'ஆசியாவிலேயே பெரியது', 'உலகத்திலேயே முதல்' இவைதான் மிச்சம்.

'உலகத்திலேயே முதல்' என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வராமல் இருக்குமா? உத்திரமேரூருக்கும் வண்டிகள் வருகின்றன. 2020ல் புதிய பார்லிமெண்டுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சில் எங்கள் கல்வெட்டு இடம் பெற்றது. அதனால் ஊருக்குப் பெருமை, வாஸ்தவம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டியது. வருகிற வழிகாட்டிகள் சுவருக்கு முன்னால் நின்று, "உலகின் முதல் ஜனநாயகம்!" என்று சொல்லி, பத்து நிமிஷத்தில் கூட்டத்தை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள்.

கல்வெட்டில் இருப்பது அதைவிட ருசியான விஷயம். ஊர் முப்பது குடும்பாகப் பிரிந்திருந்தது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் எடுத்தது அப்படித்தான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினர்களும் மறுபடி குடத்துக்குள் புக முடியாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்கும். ஆனால் அதே சுவரில் இன்னதும் இருக்கிறது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். பிரமதேயத்துச் சபை அது. பெண்களுக்கு இடமில்லை, அந்த நிலத்தை உழுதவனுக்கும் இடமில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கல்வெட்டின் மதிப்புக் குறைந்துவிடுமா? ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊர் தன்னுடைய நியாயத்தையும் அதன் எல்லையையும் ஒளிக்காமல் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறது. ஒலிபெருக்கி பாதியைத்தான் படிக்கிறது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு வண்டியும் திரும்புவதில்லை. வைரமேக தடாகம் என்று பல்லவர் காலத்துப் பெயர் கொண்ட அந்த ஏரிக்காகத்தானே ஏரி வாரியம்!

கண்டிக்கோட்டையிலும் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சே இல்லை. விளிம்பில் நின்றால் கீழே பச்சையாகத் தண்ணீர் தெரிகிறது. படத்தில் அழகாக விழுவதும் அதுதான். ஆனால் கீழ்ப்புறத்து மைலாவரம் அணையில் தேங்கியதன் பின்நீர் அது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்திலேயே கண்டிக்கோட்டை நீர்த்தேக்கம் என்று இன்னொன்று. 2020ல் அதில் நீரை உயர்த்தியபோது தாள்ளப்ரொத்துட்டூர்க்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போக நேர்ந்தது. வறண்ட சீமைக்குத் தண்ணீர் வேண்டியதுதான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பாலையைப் பாடிய பழைய கவி எயிற்றியின் அடுப்படி வரை நம்மை அழைத்துப் போனான். நாங்கள் ஒரு பகல் முழுவதும் சுற்றிவிட்டு, அந்தச் சீமைக்காரர் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினோம்.

தாள்ளப்ரொத்துட்டூர் விஷயம் எனக்குப் பஸ் டிரைவர் சொல்லித்தான் முதலில் தெரிந்தது. திரும்பும்போது தூக்கம் வராமல் முன் இருக்கைக்குப் போய் உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷமாக அந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறாராம். எந்த வளைவில் மாடு குறுக்கே வரும், எந்தக் கடையில் டீயில் தண்ணீர் கலக்க மாட்டார்கள், மூழ்கின ஊரிலிருந்து வந்து ரோட்டோரம் ஓட்டல் போட்டிருக்கிற அம்மா யார் என்று எல்லாம் சொன்னார். "பகல்லே வந்தீங்கன்னா அந்த அம்மா கடையிலே ஜொன்ன ரொட்டி சாப்பிடலாம் சார். பருப்புத் துவையலோட. ஆனா சித்திரையிலே வராதீங்க. பாறை சுட்டுப் பொசுக்கிடும், செருப்பு உருகும். ஐப்பசிக்கு மேலே வாங்க" என்றார்.

வழிகாட்டிப் பிள்ளை பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தான். ஐப்பசியில் போவதாக இருக்கிறேன், சர்வீஸ் பஸ்ஸில்.