படலை பூட்டாத வீடு

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு போதகர் என்ன செய்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் பாதிதான் தெரியும். வாடகை வீட்டின் முன்மண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள், ஒலிவாங்கி, பிரசங்கம், காணிக்கைப் பை: எந்தச் சிறு சபையிலும் காட்சி இதுதான். மீதியைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் போகவேண்டும். காங்கேசன்துறை வீதியிலிருந்து மோட்டார் சைக்கிள் ஓர் ஒழுங்கைக்குள் திரும்பும். படலையைத் திறந்தால் விறாந்தையில் ஓர் அம்மா. பிள்ளைகள் மூவரும் கனடாவில். வேதம் வாசித்து ஜெபிக்கப் பத்து நிமிடம். மின்சாரப் பட்டியலை வாசித்துக் காட்டவும், காலைக் குளிசை எது இரவுக் குளிசை எது என்று பிரித்து வைக்கவும், வாட்ஸ்அப்பில் மகனைப் பிடித்துக் கொடுக்கவும் முக்கால் மணித்தியாலம். எழும்பும்போது தேத்தண்ணி வரும். குடிக்காமல் போனால் அம்மா கோபிப்பார்.

புதன் பிள்ளைகளுக்கு ரியூசன். வியாழன் யாரையாவது போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். வெள்ளி உபவாச ஜெபம், சனி வாலிபர் கூட்டம். இடையில் செத்தவீடு வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். சிறு சபைப் போதகர்கள் பலரின் வாரம் ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகிறது. இந்த வழக்கத்தின் பலமும் பழுதும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதே என் எண்ணம்: எல்லாம் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது.

பலத்தை முதலில் சொல்லவேண்டும். கொக்குவில் சைவ ஊர். மஞ்சவனப்பதி முருகனும் நந்தாவில் அம்மனும் 1910இல் தொடங்கிய இந்துக் கல்லூரியும் அதன் அடையாளங்கள். ஒருகாலத்தில் சுருட்டுக் கொட்டில்களில் ஆட்கள் நிறைந்திருந்த ஊர். போர்க்காலத்தில், 1995 ஒக்ரோபரில், வலிகாமத்தோடு சேர்ந்து இதுவும் ஒரே இரவில் வெறிச்சோடியது. திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளில் பலர் பின்னர் வெளிநாடு போனார்கள். இன்று பணம் வருகிறது, ஆள் வருவதில்லை. கோயிலில் ஐயர் தெய்வத்துக்கு முன் நிற்கிறார், நாம் அவரிடம் போகிறோம். போதகரோ நம் படலைக்கு வருகிறார். தனித்திருக்கும் முதியவருக்கு அந்த வேறுபாடு சிறியதன்று.

வாரத்தை இப்படிப் பயன்படுத்தும் முறை யாழ்ப்பாணத்தில் மதம் தாண்டியும் பரவியது. மெதடிஸ்த மிசனரி பேர்சிவலுடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, கொக்குவிலுக்குப் பக்கத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவரின் ஞாயிறுக்குச் சைவரின் வெள்ளி பதில் சொன்னது. எதிராளியே எடுத்துக்கொண்ட முறையில் சத்து இல்லாமல் இருக்குமா?

ஆனால் அந்தக் கால மிசன் எல்லாச் சுமையையும் ஒரு தலையில் ஏற்றவில்லை. 1816இல் வந்த அமெரிக்க மிசனுக்கு வட்டுக்கோட்டையில் செமினரி, உடுவிலில் பெண்கள் பாடசாலை, 1841 முதல் 'உதயதாரகை' பத்திரிகை. மானிப்பாயில் மருத்துவர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இணுவிலில் 1898இல் பெண்களுக்கான மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. போதிக்க ஒருவர், மருந்து கொடுக்க ஒருவர், அச்சடிக்க ஒருவர். இன்றைய தனிச் சபையில் இந்த எல்லாருமே ஒரு போதகர்தான். அவருக்கு உதவி, சம்பளமில்லாத அவர் மனைவி.

முதல் பழுது அங்கே தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை உபவாசம் முடிந்து வருகிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவதும், இரவு பதினொரு மணிக்குக் கணவன் அடித்தான் என்று வருகிற பெண்ணைப் படுக்கவைப்பதும் பாஸ்டரம்மாவின் வேலை. 'ஊழியம்' என்ற சொல் அதற்கு மரியாதை தருகிறது. ஓய்வு தருவதில்லை. பிள்ளைகளோ முன்வரிசையில் இருந்தே வளர்கிறார்கள். மற்றப் பிள்ளை சோதனையில் தவறினால் அது சோதனை. பாஸ்டரின் பிள்ளை தவறினால் அது சாட்சிக் கேடு. ஊரிலுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் நேரம் கொடுப்பவரின் குடும்பம் வரிசையில் கடைசியாக நிற்கிறது.

இரண்டாவது, கணக்கு. மெதடிஸ்த திருச்சபையில் போதகர் சில ஆண்டுகளுக்கொருமுறை சேகரம் மாறுவார். பணத்தைப் பார்க்க வேறு ஆட்கள் உண்டு. தனிச் சபையில் வீடும் சபையும் ஒன்று, போதகரின் சட்டைப்பையும் சபையின் பணப்பெட்டியும் ஒன்றாகிவிட அதிக நேரம் எடுக்காது. நேர்மையான மனிதருக்கும் அது நல்லதல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த காசுக்கு ஒரு கொப்பியும், அதைப் பார்க்க வேறு இரண்டு பேரும் இருந்தால் ஊர்வாயில் பாதி அடங்கும்.

மூன்றாவதுதான் கடினமானது. குளிசை பிரித்துக் கொடுத்த கை ஞானஸ்நானத்துக்கு அழைக்கும்போது, அழைக்கப்பட்டவர் 'இல்லை' என்று சொல்லமுடியுமா? தான் விரும்பும் மதத்தைத் தழுவும் உரிமையை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் தருகிறது. அதை மறுக்க ஊருக்கு உரிமையில்லை. ஆயினும் நன்றிக்கடனில் எடுத்த முடிவைச் சுதந்திரமான முடிவு என்று சொல்லப் போதகரே தயங்கவேண்டும். இந்த இழுபறி பழையது. வட்டுக்கோட்டையில் ஆங்கிலமும் விஞ்ஞானமும் படித்தவர்கள் கூடினார்கள், மனந்திரும்பியவர்கள் போதாது என்று அமெரிக்க மிசனின் பொஸ்ரன் தலைமைக்குத் தோன்றியது. 1855இல் அந்தச் செமினரி மூடப்பட்டது. அங்கு படித்த சி.வை.தாமோதரம்பிள்ளை சைவராக இருந்து 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். மிசனின் கணக்கில் அவர் தோல்வி. தமிழின் கணக்கில்? திரும்ப எதிர்பாராமல் கொடுத்ததே நிலைத்தது என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஆகவே படலையைப் பூட்டச் சொல்லவில்லை. திறப்பை நாலு பேரிடம் கொடுக்கச் சொல்கிறேன். முதியோரைப் பார்க்கப் போவதைச் சபையார் முறைவைத்துச் செய்யலாம். ரியூசனைப் பக்கத்துச் சைவ ஆசிரியரும் சேர்ந்து நடத்தலாம், அங்கே ஜெபம் கட்டாயமாக இருக்கவேண்டியதில்லை. திங்கட்கிழமை போதகரின் தொலைபேசி வேறொருவர் கையில் இருக்கலாம்.

இதற்குப் போதகர் தம் வேதத்துக்கு வெளியே தேடவேண்டியதில்லை. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், காலை முதல் மாலை வரை தனியே இருந்து வழக்குத் தீர்க்கும் மோசேயைப் பார்த்து, நீயும் களைத்துப்போவாய், சனங்களும் களைத்துப்போவார்கள், சுமையைப் பகிர்ந்துகொடு என்று புத்தி சொல்கிறார் மாமனார் எத்திரோ. அவர் மீதியான் நாட்டு ஆசாரியர், வேற்றுக் குலத்தவர். வெறுங்கையோடும் வரவில்லை: மோசே அனுப்பிவைத்திருந்த மனைவியையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டுச் சைவப் பெரியவர் படலையில் நின்று, 'தம்பி, வீட்டையும் கொஞ்சம் பாருங்கோ' என்று சொன்னால், போதகர் அதையும் வேத வசனமாகக் கேட்கலாம்.