வேகம் பாஸ், லைன் ஃபெயில்

2012 ஆடி மாசம் சங்ககிரியில் எங்க வீட்டு டி.எஸ்.எல். லைனைப் பற்றி ஒன்பது நாள் எழுதி வைத்த நோட்டு ஒன்று போன வாரம் கையில் கிடைத்தது. திருப்பிப் பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. அன்னிக்கு நான் சண்டை போட்டதெல்லாம் தப்பான எண்ணை வைத்துக்கொண்டு. அதே தப்பை அரசு விதிகளும் செய்திருந்தன. என் தப்பால் கெட்டது ஒரு வீடு, விதியின் தப்பு நாடு முழுக்க. அதனால் இந்தக் குறிப்பு.

முதலில் விதி என்ன சொன்னது என்று பார்ப்போம். 2004 அக்டோபரில் வந்த மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, எப்போதும் இணைப்பில் இருப்பது, நிறுவனத்தின் இணைப்பு முனையிலிருந்து சந்தாதாரருக்குக் குறைந்தது 256 கே.பி.பி.எஸ். வேகம் தரக்கூடியது, இரண்டும் சேர்ந்ததுதான் பிராட்பேண்ட் என்றது. 2006-இல் டிராய் தர விதிகளைப் போட்டது. முனையிலிருந்து வீடு வரை, வாங்கிய பிளானின் வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்கவேண்டும். சேவை கிடைக்கும் நேரம் 98 சதவீதத்துக்கு மேல், அதுவும் எல்லாச் சந்தாதாரருக்கும் சேர்த்து. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இப்போ எங்க லைன். பிளான் 2 எம்.பி.பி.எஸ். மோடம் பக்கத்தில் சிங்க் வேகம் 2048 என்று அசையாமல் நிற்கும். வேகச் சோதனையில் வந்ததோ 1.74. நான் அந்த 0.3-ஐ யாரோ திருடுகிறார்கள் என்று நம்பி புகார் மேல் புகார் கொடுத்தேன். யாரும் திருடவில்லை. டி.எஸ்.எல்.-இல் தரவு 53 பைட் பொட்டலங்களாகப் போகிறது. அதில் நம்ம சரக்கு 48 பைட்தான், மீதி 5 விலாசம். இதிலேயே ஒன்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். மற்ற தலைப்புகளையும் கழித்தால் 85 சதவீதம் மிஞ்சும். 2048-இல் 85 சதவீதம் 1.74. லைன் தன் கணக்கை ஒழுங்காகத்தான் கொடுத்தது. விதிப்படி 80-க்கு 85, பாஸ்.

உண்மையான வியாதி வேறே. லைன் ஒரு நாளைக்குப் பதினோரு தடவை அறுந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வர இரண்டு நிமிஷம். அக்கா அப்போ வீட்டிலிருந்தே லாரிக்காரர்களுக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துகொண்டிருந்தாள். கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் மறுபடி லாகின், மறுபடி முதலிலிருந்து. கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் நாலு பேர் ஃபைலைத் திருப்பி வாங்கிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருஷமும் அவர்கள் வரவில்லை.

இந்த அறுப்பை விதியில் எங்கே வைப்பது? பதினோரு தடவை, தலைக்கு இரண்டு நிமிஷம் என்றால் 22 நிமிஷம். ஒரு நாளுக்கு 1440 நிமிஷம். அப்போ லைன் இருந்த நேரம் 98.5 சதவீதம். ஊரையே சேர்த்துக் கூட்டாமல் எங்க வீட்டை மட்டும் தனியாக அளந்திருந்தாலும் பாஸ்தான்! என் விமர்சனத்தின் மையம் இதுதான். 'எப்போதும் இணைப்பில்' என்று வரையறையில் எழுதிவிட்டு, தரத்தை அளக்கும்போது மொத்த நேரத்தைத்தான் கூட்டினார்கள். எத்தனை முறை அறுந்தது என்ற கேள்வி எங்கேயும் இல்லை. தொடர்ந்து 22 நிமிஷம் போனால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பதினோரு துண்டாகப் போனால் அந்த நாள் வேலையே போச்சு.

வந்து பார்த்த லைன்மேன் போனை எடுத்துக் காதில் வைத்தார். "டயல்டோன் நல்லா வருதுங்களே, லைன் கிளியரா இருக்குதுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். டி.எஸ்.எல். அதே செம்புக் கம்பியில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு மேலேயும் ஓடுகிறது. கீழே சுத்தமாகக் கேட்கும் கம்பி மேலே நாறிக் கிடக்கலாம்.

அதைக் காட்டும் எண்கள் மோடம் பக்கத்திலேயே இருந்தன. அட்டனுவேஷன் 47 டெசிபெல். அரை மில்லிமீட்டர் செம்பில் கிலோமீட்டருக்குச் சுமார் 13.8 டெசிபெல் குறையும். அப்படியானால் எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்றரை கிலோமீட்டர் வருகிறது. அந்தத் தூரத்துக்கு 2 எம்.பி.பி.எஸ். தாராளமாக ஓடவேண்டும். ஆனால் எஸ்.என்.ஆர். மார்ஜின், அதாவது இரைச்சலுக்கு மேல் லைனுக்கு இருக்கும் கையிருப்பு, 4 டெசிபெல்தான் இருந்தது. ஆறுக்குக் கீழே போனாலே ஆபத்து. ஆடிக்காற்று தூக்கும் சாயங்காலத்தில் அது ஒன்று, பூஜ்யம் என்று இறங்கி லைன் அறும். காற்றடித்தால் அறுகிறதென்றால் ஆடுகிற இடத்தில்தான் கோளாறு. வீட்டுக்குள் இருந்த எக்ஸ்டென்ஷனைக் கழற்றி, ஸ்பிளிட்டரை மாற்றி, மோடத்தை நேராக ரொசெட்டில் மாட்டிப் பார்த்தேன். மார்ஜின் மாறவில்லை. அப்போ கோளாறு வெளியே. கம்பத்துப் பெட்டிக்கும் வீட்டுக்கும் நடுவே டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருந்தது. பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. ஒட்டில்லாத ஒரே ஒயராக இழுத்த அன்னிக்கு மார்ஜின் 13. அதற்குப் பிறகு அறுப்பே இல்லை.

வேகச் சோதனை? அன்றைக்கும் 1.74தான். ரிப்பேருக்கு முன்னும் பின்னும் ஒரே எண். விதி எதை நல்ல லைன் என்றதோ, அதே எண் கெட்ட லைனிலும் வந்தது.

நியாயமாகச் சொன்னால் வேகத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு வசதி உண்டு. ஒற்றை எண், யாருக்கும் புரியும், கம்பெனிகளை ஒப்பிடலாம். ஆனால் அறுப்பை எண்ணுவதும் கஷ்டமில்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியே ஒவ்வொரு லைனும் எத்தனை முறை மறுபடி சிங்க் ஆனது என்று பதிந்து வைக்கிறது. கேட்க ஒரு வரி போதும். லாரி ஊர்க்காரனாகச் சொல்கிறேன்: மணிக்கு எவ்வளவு ஓடியது என்று மட்டும் கேட்டுவிட்டு, வழியில் எத்தனை பஞ்சர் என்று கேட்காமல் எந்த முதலாளியும் டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடமாட்டார்.

வரையறையின் எண் 2013-இல் 512 கே.பி.பி.எஸ். ஆனது, 2023-இல் 2 எம்.பி.பி.எஸ். ஆனது. பத்தொன்பது வருஷத்தில் எட்டு மடங்கு. 'எப்போதும்' என்ற சொல்லுக்கு மட்டும் இன்னும் ஒரு எண் கிடைக்கவில்லை.

இன்னும் செம்புக் கம்பியில் இருப்பவர்களுக்கு ஒன்று. புகார் கொடுக்கும் முன் மூன்று நாள் மார்ஜினையும் அறுந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை லைன்மேன் கையில் கொடுங்கள். எங்க வீட்டில் அவரைக் கம்பத்தில் ஏற வைத்தது அதுதான்.