ஏழு பாட்டு, ஒரு பெயர்

'டெத்' பற்றிப் பேச்சு வந்தாலே ராக் ரசிகர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். ரமோன்ஸுக்கு முன்பே பங்க் வாசித்தவர்கள். பெயரை மாற்ற மறுத்து வாய்ப்பை இழந்தவர்கள். இந்த இரண்டும் சேர்ந்து நம்மைப் பாட்டைக் கேட்கவே விடமாட்டேங்குது என்பதுதான் என் புகார்.

கதை தெரியாதவர்களுக்கு: டெட்ராய்ட்டின் கறுப்பினச் சகோதரர்கள் மூன்று பேர். டேவிட் ஹாக்னி கிட்டார், பாபி பேஸும் குரலும், டேனிஸ் டிரம்ஸ். மோட்டவுன் பிறந்த ஊரில் ஹார்ட் ராக் வாசித்தார்கள். அப்பா விபத்தில் இறந்த பிறகு டேவிட் வைத்த பெயர் 'டெத்'. 1975இல் ஏழு பாடல்கள் பதிவாயின. பெயரை மாத்துங்க என்றார் இசைத்துறைப் பெரும்புள்ளி கிளைவ் டேவிஸ். டேவிட் முடியாது என்றார். 1976இல் அவர்களே ஒரு சிங்கிளை 500 பிரதிகள் வெளியிட்டார்கள். அதோடு சரி. 2009இல் டிராக் சிட்டி நிறுவனம் அந்த ஏழையும் ஆல்பமாக்கியபோது டேவிட் உயிரோடு இல்லை. 2000இலேயே புற்றுநோயில் போய்விட்டார்.

இப்போது 'லெட் தி வேர்ல்ட் டர்ன்' கேளுங்கள். கிட்டத்தட்ட ஆறு நிமிடம். கனவு மாதிரி மெதுவாகத் தொடங்கி, திடீரென்று வேகமெடுத்து, நடுவில் டிரம்ஸுக்கு ஒரு தனி ஆவர்த்தனமே வருகிறது. பங்க் தூக்கியெறிய நினைத்தது இந்த மாதிரி நீட்டலைத்தான். 'முன்னோடி' என்று பட்டம் கட்டிவிட்டால், பின்னால் வந்தவர்களுக்குப் பொருந்தும் பாட்டு மட்டும்தான் காதில் விழும். மிச்சம் போச்சு.

அந்த மறுப்பையும் நாம் சௌகரியமாகத்தான் கொண்டாடுகிறோம். டேப்புகள் தொலைந்திருந்தால் அதையே வறட்டுப் பிடிவாதம் என்றிருப்போம். முடிவு டேவிடுடையது, விலை மூவருடையது. பாபியும் டேனிஸும் பிறகு ரெகே குழு நடத்திப் பிழைத்தார்கள்.

ஆனால் 'பொலிட்டிஷியன்ஸ் இன் மை ஐஸ்' பாட்டில் கிட்டார் வெட்டி நிற்கும்போதெல்லாம் பேஸும் டிரம்ஸும் அதே நொடியில் நிற்பது என் காதுக்குக் கேட்கிறது. ஒரே வீட்டில் வருஷக்கணக்கில் சேர்ந்து வாசித்தவர்களுக்குத்தான் அது கைவரும். டேவிடின் 'முடியாது'வுக்குப் பின்னால் மற்ற இருவரும் ஏன் நின்றார்கள் என்பதற்கு எந்தப் பேட்டியையும்விட இது நல்ல பதில்.

மொத்த ஆல்பமும் அரை மணி நேரம்கூட இல்லை. கதையை ஓரமாக வைத்துவிட்டு ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.