தற்குறிப்பேற்ற அணி: வையையும் மதிற்கொடியும்

இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சியின்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. தண்டியலங்காரம் கூறும் 35 பொருளணிகளுள் இதுவும் ஒன்று. இதற்கு வகுப்பறையில் தரப்படும் சான்று பெரும்பாலும் சிலப்பதிகாரக் கொடிதான். மதுரை மதில்மேல் காற்றில் அசையும் கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோவடிகள் பாடுகிறார். அசைவு இயல்பு, தடுப்பது புலவர் குறிப்பு என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தக் குறிப்பு அங்கே எதற்கு என்ற கேள்வி மட்டும் எழாமலே போகிறது.

கொடி தனியே வரவில்லை. புறஞ்சேரி இறுத்த காதையின் இறுதிப் பகுதியில் இவ்வணி மூன்று முறை அடுத்தடுத்து அமைந்துள்ளது. முதலில் வையை. ஆற்றைப் பெண்ணாக நெடுக வருணித்த பிறகு, கண்ணகிக்கு வரப்போவதை அறிந்தவள் போல அவள் மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்துக்கொண்டாள் என்கிறார் அடிகள். உடனே கோவலனும் கண்ணகியும் அவ்வாற்றைப் பார்த்து, இது நீர் ஓடும் ஆறன்று, பூ ஓடும் ஆறு என்று வியந்து தொழுகின்றனர். அழுகையை மறைத்த அதே போர்வையைத்தான் அவர்கள் அழகென்று வணங்குகின்றனர்! அணி இங்கே அலங்காரம் அன்று. கதைமுடிவைப் பதிகத்திலேயே அறிந்த வாசகருக்கும், ஏதும் அறியாத அவ்விருவருக்கும் இடையிலுள்ள தொலைவை அது காட்டுகிறது. இந்த ஓர் இடத்தை ஊன்றிப் படித்தவருக்கு இலக்கண நூற்பாவை மனப்பாடம் செய்யும் தேவை குறைவு.

அடுத்து, அகழியில் பூத்த குவளையும் ஆம்பலும் தாமரையும் கண்ணீர் கொண்டு நடுங்குகின்றன. மூன்றாவதாகவே கொடி.

'போல' என்னும் சொல் வருவதால் மாணவர் சிலர் இதை உவமை என்று எழுதிவிடுவர். கொடிக்கும் கைக்கும் உள்ள ஒப்புமை இங்கு ஒரு படி மட்டுமே. அசைவுக்குப் புலவர் கற்பிக்கும் நோக்கமே அணி. அந்நோக்கம் கதையைப் பொறுத்து மாறும். கம்பராமாயணத்தின் மிதிலைக் காட்சிப் படலத்தில், இராமனை விரைந்து வா என்று மிதிலை நகரம் கொடிக்கையை நீட்டி அழைக்கிறது. அங்கே காத்திருப்பது மணவாழ்வு. அசைவு ஒன்றுதான்.

மதுரைக் கொடிகள் பாண்டியன் போரில் வென்று உயர்த்தியவை என்பதையும் அடிகள் சொல்லத் தவறவில்லை. அரசனின் வெற்றிச் சின்னமே அவன் ஊருக்கு வரவேண்டாம் என்கிறது. அக்கைகளைக் கோவலனோ கண்ணகியோ கண்டதாக நூலில் ஒரு சொல்லும் இல்லை. கவுந்தியடிகளுடன் மரத்தெப்பத்தில் வையையைக் கடந்து வந்த இருவரும், அறவோர் வாழும் புறஞ்சேரிக்குள் புகுகின்றனர்.