பளிச்சென்றால் பெண்பிள்ளை விளையாட்டு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் கேண்டி கிரஷ் ஆடும் பெண்ணை யாரும் கேமர் என்பதில்லை. பக்கத்தில் பப்ஜி ஆடும் பையனுக்குத்தான் அந்தப் பெயர். 1996இல் வந்த 'குவேக்' பழுப்பாக இருந்ததற்கு, 256 நிறங்களே கிடைத்தன என்ற சாக்கு உண்டு. 2006இல் வந்த 'கியர்ஸ் ஆஃப் வார்' சாம்பலாக இருந்ததற்கு அதுவும் இல்லை. மங்கலாக இருந்தால் வீரம், பளிச்சென்றிருந்தால் சிறுபிள்ளைத்தனம், அதாவது பெண்தனம் என்ற எண்ணம்தான் காரணம் என்பேன். பப்ஜியின் எராங்கல் தீவில் காய்ந்த புல்லும் காலி வீடுகளும்தான். நிறம் வேண்டுமானால் காசு கொடுத்து உடையாக வாங்க வேண்டும்.

டொராண்டோவில் உருவான 'வெண்பா' (2023) வேறு வகை. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்ப்பெண், அம்மாவின் சமையல் ஏட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி அவிக்கிறாள். தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே புதிர். அறிவென்று யாரும் எண்ணாத கைப்பழக்கத்தைப் புதிராக்கியதுதான் கற்பனை. 2024இல் பாஃப்டா விருதும் பெற்றது. ஆனாலும் நெருடுகிறது: நிறம் அடுப்படி வழியாகத்தான் திரும்பி வர வேண்டுமா?

பூனாவில் உருவான 'ராஜி' (2020) வண்ணங்களுக்கு நடுவே ஒரு பெண்ணைச் சூலத்தோடு வெளியே அனுப்புகிறது. அவளும் தம்பியை மீட்கத்தான் போகிறாள்.