சிலந்தியும் ஊரின் அச்சமும்

1990ஆம் ஆண்டு பிராங்க் மார்ஷல் இயக்கத்தில் வெளிவந்த ‘அரக்னோஃபோபியா’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் நகைப்பையும் நடுக்கத்தையும் ஒருங்கே தருகிறது. வெனிசுவேலாவிலிருந்து சவப்பெட்டியொன்றில் கலிபோர்னியச் சிற்றூருக்கு வந்துசேரும் நச்சுச் சிலந்தி, அங்கே பெருகிப் பலரைக் கொல்லுகிறது. ஊராரோ, புதிதாய்க் குடியேறிய மருத்துவரையே பழிக்கின்றனர்.

படப்பிடிப்பில் நடமாடியவை பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து கொணர்ந்த, மனிதருக்குத் தீங்கற்ற சிலந்திகளே. தீங்கற்றதைக் கொடியதெனக் காண நம் கண்கள் எத்துணை எளிதில் இணங்குகின்றன! மருத்துவருக்கு நேர்ந்ததும் அதுவன்றோ?

ஆயினும், இவ்வுண்மையைத் தொட்ட இயக்குநர் அதனைத் தொடரவில்லை. சிலந்தி மடிகிறது, மருத்துவர் குடும்பத்தோடு நகருக்குத் திரும்புகிறார். பழித்த ஊருக்கும் பழிக்கப்பட்டவருக்கும் இடையே ஒப்புரவு காட்டப்படவில்லை. அச்சம் நீங்கினால் போதுமா? அவ்வச்சத்தால் இழைத்த அநீதியும் நீங்கவேண்டுமல்லவா? அதனைக் கேளாமல் முடிவதே இப்படத்தின் குறை என்போம்.