ஒரே சரம், இரு நாட்கள்

ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட் வகை "2024-08-15" என்ற சரத்தை யுடிசி நள்ளிரவாகக் கொள்கிறது. அதையே சாய்கோடிட்டு "2024/08/15" என எழுதினால், உலாவிகள் உள்ளூர் நள்ளிரவாகக் கொள்கின்றன. முதற்சரம் நியூயார்க்கில் ஆகஸ்ட் 14 இரவு எட்டு மணி. சென்னையிலும் கொழும்பிலும் 15ஆம் தேதி காலை 5:30. நாள் மாறாததால் சோதனையில் பிழை சிக்காது. நம் பக்கம் அது தலைகாட்டுவது எதிர்த்திசையில்: உள்ளூர் நள்ளிரவை ஐஎஸ்ஓ சரமாக மாற்றினால் முந்தைய நாளின் 18:30 வந்து நிற்கும்.

வடிவமைத்தவரின் அசட்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் அவசரமாக உருவாக்கிய மொழி, ஜாவாவின் தேதி வகுப்பை அதன் குறைகளோடு வாங்கிக்கொண்டது. 1997இல் ஜாவா 1.1, சரம் வாசிக்கும் செயற்கூறு உட்பட அவ்வகுப்பின் பெரும்பகுதியைக் கைவிடத்தக்கது என அறிவித்தது. கடன் கொடுத்தவர் கைகழுவியதை வாங்கியவர் இன்னும் சுமக்கிறார்.

மொழியின் தரக்குழு வாளாவிருக்கவில்லை. 2009இல் வந்த தரத்தின் ஐந்தாம் பதிப்பு ஐஎஸ்ஓ 8601ஐ ஒட்டிய வடிவத்தை வரையறுத்தது. அது மெய்யான சாதனை. நேர மண்டலம் குறிக்கப்படாவிட்டால் யுடிசி என்றது அப்பதிப்பு. உள்ளூர் நேரம் என்றது 2015இன் பதிப்பு. தேதி மட்டுமெனில் யுடிசி, நேரமும் சேர்ந்தால் உள்ளூர் என்று பிளந்தது 2016இன் பதிப்பு. இயங்கும் பக்கங்களை உடைக்காத சமரசமாக இது ஏற்கத்தக்கது, கோட்பாடாக நிற்காது. டேட்டுக்குள் இருப்பது 1970 முதல் எண்ணிய மில்லிவிநாடிகள், அதாவது ஒரு கணம். பிறந்த நாளோ நாட்காட்டியின் ஒரு கட்டம். கட்டத்தைக் கணமாக்க மண்டலம் வேண்டும். சரத்தில் இல்லாத மண்டலத்தை எந்தப் பதிப்பும் ஊகிக்கத்தான் முடியும்.

டேட்டுக்கு மாற்றாக ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வடிவமைக்கப்பட்ட டெம்போரல் அந்த ஊகத்துக்கே இடம் வைக்கவில்லை. அதன் பிளெயின்டேட் வகை நாளை மட்டும் வைத்திருக்கிறது. கணத்தைக் குறிக்கும் இன்ஸ்டன்ட் வகை, மண்டல வேறுபாடு குறிக்காத சரத்தை மறுக்கிறது. சாய்கோட்டை இரண்டுமே ஏற்பதில்லை. "2024-02-31" வந்தால் பிழை எழும். மெச்சத்தக்க கண்டிப்பு. ஆனால் அதே எண்களை ஆண்டு, மாதம், நாள் எனப் பிரித்துப் பொருளாகத் தந்தால், இயல்பு விருப்பத்தை மாற்றாதவரை, பிளெயின்டேட் ஓசையின்றி பிப்ரவரி 29 ஆக்கிவிடுகிறது. இவ்வளவு கறாரான வடிவமைப்பில் இந்தத் தாராளம் உறுத்துகிறது.

இருந்தும் டெம்போரலே மேல். டேட்டை நம்பி விடக்கூடியது மண்டலத்தோடு முழுதாக எழுதிய ஐஎஸ்ஓ சரம் மட்டும். பயனர் தட்டச்சிட்ட 03/04/2024ஐ எந்த வகையாலும் தீர்த்துவைக்க முடியாது. மாதம் எதுவென்று படிவம் தனியே கேட்டாக வேண்டும்.